வானொலிச் சுருளும் மிதிவெடி தேடும் சுருளும்: 'தரக் காரணி' என்றால் என்ன?

சென்ற மாரி தொடங்குவதற்கு முன்னர் இரண்டு இளைஞர்கள் எனது திருத்தகத்துக்கு வந்தார்கள். கைத்தொலைபேசியில் ஒரு சுற்றுப் படத்தைக் காட்டி, "ஐயா, இந்த மெற்றல் டிரெக்ரரைச் செய்து தர ஏலுமோ? சாமானெல்லாம் கொழும்பில இருந்து எடுப்பிக்கலாம்" என்று கேட்டார்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். பழைய இரும்பு பொறுக்க என்றார் ஒருவர். மற்றவர் பதில் சொல்லாமல் சிரித்தார். நிலத்துக்குள் புதைத்த பொன் பற்றிய கதைகள் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஓய்வதே இல்லை.

"சுருளை மட்டும் வடிவாய்ச் சுத்தித் தாங்கோ ஐயா. நல்ல கியூ வர வேணும் எண்டு இதில போட்டிருக்கு" என்றார் முதலாமவர்.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ஏன் முடியாது என்பதை அன்று நான் ஒழுங்காக விளக்கவில்லை. அதற்கு முதலில் 'கியூ' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்கள் அதைத் தரக் காரணி என்கின்றன. முப்பது வருடத்துக்கு மேலாக வானொலிப் பெட்டிகளுடன் சீவித்தவன் என்ற வகையில், உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தண்டவாள மணி

1997 இல் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். மரத்தடியில் நடந்த கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது. 1990 இல் ரயில் நின்றுபோன பாதையில் இருந்து வந்த ஒரு தண்டவாளத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். ஒரு தட்டுத் தட்டினால் ஓசை நெடுநேரம் நின்று மெல்ல மெல்லத் தேயும். சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடிப்பார்கள். உடனே ஓசை செத்துவிடும்.

தரக் காரணியின் பொருள் முழுவதும் இதற்குள் இருக்கிறது. தட்டும்போது கொடுத்த சக்தி இரும்புக்குள் அலைவாகச் சேர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு அலைவிலும் அதில் ஒரு சிறு பங்கு காற்றுக்கும் கயிற்றுக்கும் வெப்பத்துக்கும் போய்விடுகிறது. போகும் பங்கு சிறிதாக இருந்தால் ஓசை நீளும். அது உயர்ந்த கியூ. கையால் பிடித்தால் சக்தி கைக்குள் இறங்கிவிடும். அது தாழ்ந்த கியூ.

மின்சுற்றிலும் இதே கதைதான். ஒரு கம்பிச் சுருளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்தால் பரிவுச் சுற்று கிடைக்கும். கொள்ளளவியில் மின்புலமாக இருந்த சக்தி சுருளுக்குப் போய்க் காந்தப்புலமாகும்; பிறகு திரும்பிக் கொள்ளளவிக்கு வரும். இந்தப் போக்குவரத்து ஒரு செக்கனுக்கு எத்தனை முறை நடக்கிறதோ, அதில் பாதியே அந்தச் சுற்றின் பரிவு மீடிறன். போய்வரும் வழியில் கம்பியின் தடையும் மற்ற இழப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைத் தின்னும்.

வரைவிலக்கணம் இதுதான்: சுற்றில் சேமிக்கப்பட்டிருக்கும் சக்தியை, ஒரு அலைவில் இழக்கப்படும் சக்தியால் வகுத்து, 2 பையினால், அதாவது 6.28 ஆல், பெருக்க வேண்டும். வருவது வெறும் எண். அதற்கு அலகு இல்லை.

மனதில் வைத்திருக்க இன்னொரு எளிய வழியும் உண்டு. கியூ 100 என்றால், தட்டிவிட்ட பின்னர் 100 அலைவுகள் முடியும்போது வீச்சம் தொடக்கத்தின் 4 வீதமளவுக்குக் குறைந்திருக்கும். கியூ 20 என்றால் 20 அலைவிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். ஓசை அடங்கும்வரை எத்தனை அலைவுகள் என்று எண்ணுவதுதான் கியூவை எண்ணுவது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு.

பெயர் எங்கிருந்து வந்தது?

கியூ என்ற ஆங்கில எழுத்து 'தரம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. அமெரிக்காவின் வெஸ்டேர்ன் இலக்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் கே. எஸ். ஜோன்சன், சுருளின் தாக்குதிறனுக்கும் தடைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்க 1920 இல் இந்த எழுத்தை எடுத்தார். மற்ற எழுத்துகளெல்லாம் வேறு வேறு அளவுகளுக்குப் பயன்பட்டுவிட்டன, மிஞ்சியிருந்தது இது என்பதே காரணம். 'தரம்' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரம் என்ற சொல்லைக் கேட்டதும் கூடக் கூட நல்லது என்று மனம் நினைத்துவிடுகிறது. அந்த இளைஞர்கள் விட்ட பிழையும் அதுதான். கியூ கூட வேண்டிய இடமும் உண்டு, குறைய வேண்டிய இடமும் உண்டு. நம்மிடம் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

திருச்சியைப் பிடிக்க எவ்வளவு கியூ வேண்டும்?

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. இருந்த பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்போம். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்னை டயோட்டுகளால் திருத்தி வானொலிக்குக் கொடுப்போம். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றிவர இருந்து செய்தி கேட்போம். இரவு 9.15 க்குப் பிபிசி தமிழோசை. கொழும்பு 1996 இல் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோதும் வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது, 9.15 என்று நான் சொல்வது அந்த நேரம். மத்திய அலையில் திருச்சி 936 கிலோஹேட்ஸிலும், தூத்துக்குடி 1053 கிலோஹேட்ஸிலும் வரும்.

திருச்சியை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். வானொலிக்குள் கறுப்பு நிறப் பெரைற் கோலில் சுற்றிய சுருளின் தூண்டற்றிறன் 350 மைக்கிரோ ஹென்றி என்று வைப்போம். 936 கிலோஹேட்ஸுக்குப் பரிவு கிடைக்கக் கொள்ளளவி ஏறத்தாழ 83 பிக்கோ பரட்டில் நிற்க வேண்டும். நிலையத்தைத் தேடிக் குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது இந்தக் கொள்ளளவத்தைத்தான்.

அந்த மீடிறனில் சுருளின் தாக்குதிறன் 2,058 ஓம். சுற்றின் மொத்த இழப்புத் தடை 20 ஓம் என்றால், 2,058 ஐ 20 ஆல் வகுக்க, கியூ ஏறத்தாழ 103. பரிவு மீடிறனைக் கியூவால் வகுத்தால் சுற்று எவ்வளவு அகலமான பட்டையை உள்ளே விடும் என்பது தெரியும். 936 ஐ 103 ஆல் வகுத்தால் 9 கிலோஹேட்ஸ். இதைப் பட்டையகலம் என்போம். ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேட்ஸ் இடைவெளியிலேயே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இந்தச் சுருள் திருச்சியை உள்ளே விட்டு, 927 இலும் 945 இலும் உள்ளவற்றைத் தணித்துவைக்கும்.

இதே சுருளின் இழப்புத் தடை 60 ஓமாகக் கூடினால் கியூ 34 ஆகிவிடும். பட்டையகலம் 27 கிலோஹேட்ஸ். இப்போது பக்கத்து நிலையங்களும் கூட வந்து பேசும். நிலையம் அதே இடத்தில்தான் நிற்கிறது. தெரிவு செய்யும் திறன்தான் போய்விட்டது.

கியூ இன்னொரு வேலையும் செய்கிறது. பரிவின்போது கொள்ளளவிக்குக் குறுக்கே கிடைக்கும் அழுத்தம், சுருளில் தூண்டப்பட்ட அழுத்தத்தைப் போலக் கியூ மடங்காக இருக்கும். கியூ 100 என்றால் ஒரு மைக்கிரோ வோல்ற்று வந்தால் 100 மைக்கிரோ வோல்ற்றாகும். இதற்குப் பற்றரி தேவையில்லை. டைனமோவில் ஓடும் பெட்டிக்கு இது பெரிய உதவி.

455 என்ற இலக்கம்

நாங்கள் பாவித்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு சுருளை மட்டும் நம்பியவை அல்ல. சிற்றலையில் ஏன் ஒரு சுருள் போதாது என்பதற்கும் கியூவே விடை தரும். 9 மெகாஹேட்ஸில் கியூ 100 உள்ள சுற்றின் பட்டையகலம் 90 கிலோஹேட்ஸ். சிற்றலையில் 5 கிலோஹேட்ஸுக்கு ஒன்றாக நிலையங்கள் நெருங்கியிருக்க, 90 கிலோஹேட்ஸ் அகலக் கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் பெட்டி என்ன செய்கிறது என்றால், எந்த நிலையம் வந்தாலும் அதை 455 கிலோஹேட்ஸ் என்ற ஒரே மீடிறனுக்கு மாற்றிக்கொள்கிறது. மீடிறன் குறைந்தால், அதே கியூவுக்குப் பட்டையகலமும் குறையும். 455 கிலோஹேட்ஸில் கியூ 50 இருந்தாலே 9 கிலோஹேட்ஸ் பட்டையகலம் கிடைத்துவிடும். பெட்டியைத் திறந்தால் மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் திருகுத் தலையுடன் மூன்று சிறிய சதுரத் தகரக் கூடுகள் தெரியுமே, அவை இந்த 455 கிலோஹேட்ஸ் பரிவுச் சுற்றுகள்தாம்.

முதற் சுருளுக்கும் வேலை இருக்கிறது. இப்படி மாற்றும்போது, வேண்டிய நிலையத்தில் இருந்து 910 கிலோஹேட்ஸ் தள்ளி நிற்கும் இன்னொரு நிலையமும் அதே 455 இல் வந்து விழும். அதைத் தடுப்பது முதற் சுருளின் கியூ. கியூ 50 என்றால் 9 மெகாஹேட்ஸில் அந்த வேண்டாத நிலையம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 17 மெகாஹேட்ஸில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறையும். சிற்றலையின் மேற்பட்டைகளில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்டதற்குக் காரணம் இதுதான். பெட்டி பழுது என்று கொண்டுவந்தவர்களுக்கு அப்போது இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கூடினாலும் கெடுதல்

மல்லாவியில் ஒரு அம்மா பெட்டியைக் கொண்டுவந்தார். சத்தம் மெல்லியதாகக் கேட்கிறது என்றார். திறந்து பார்த்தேன். திருகுகள் இளகியிருக்கின்றன என்று நினைத்து அவருடைய சின்ன மகன் மூன்று கூட்டின் திருகையும் இறுக்கிவிட்டிருந்தான். திருத்துனர்கள் எல்லாரும் கண்ட பழுது இது. திருகு உள்ளே போனால் தூண்டற்றிறன் கூடும். பரிவு 455 ஐ விட்டு விலகிவிடும். மூன்றும் மூன்று இடத்தில் நின்றால் சத்தம் எப்படி வரும்?

மின்சாரம் இல்லை. சிரட்டைக் கரியில் செப்புத் தலையைக் காய்ச்சி ஈயம் ஒட்டிய காலம். அளவுகருவியும் இல்லை. திருச்சியை வைத்துவிட்டு, மூங்கிலைச் சீவிச் செய்த திருப்புளியால் ஒவ்வொரு திருகாகத் திருப்பி, காதால் உச்சம் பிடித்தேன். மூன்றையும் சரியாக உச்சத்துக்குக் கொண்டுவந்ததும் சத்தம் நன்றாக ஏறியது. கெட்டிக்காரத்தனமாக வேலை முடிந்தது என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாளில் அவர் திரும்பி வந்தார். "தம்பி, சத்தம் காணும். ஆனால் சொல்லு விளங்கேல்லை. மூடி வச்ச பானைக்குள்ள கதைக்கிற மாதிரிக் கிடக்கு. பேர் வாசிக்கேக்க எனக்குப் பிழையாய்க் கேட்டிடக் கூடாது." யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்ட அவருடைய மூத்த மகனைப் பற்றி 1996 இற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வானொலியில் சொல்லப்படும் ஒவ்வொரு பெயரையும் அவர் காது கொடுத்துக் கேட்பவர்.

பிழை என்னுடையது. மூன்று சுற்றையும் ஒரே புள்ளியில் நிறுத்தினால் மொத்தப் பட்டையகலம் மிகவும் ஒடுங்கிவிடும். பேச்சின் தாழ்ந்த ஓசைகள் மத்தியில் இருப்பதால் தப்பிவிடும். ச, ஸ, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த ஓசைகள் பட்டையின் ஓரங்களில் இருப்பதால் வெட்டுப்படும். சத்தம் பெரிதாகும்; பெயர் விளங்காது. நடுக்கூட்டின் திருகை ஒரு துளி பின்னே திருப்பிவிட்டேன். சத்தம் சற்றுக் குறைந்தது, சொல் துலங்கியது. அந்த அம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பெட்டியிலும் சத்தத்தின் உச்சத்தை மட்டும் பார்த்து வேலை முடித்ததில்லை.

கியூவை எவ்வளவும் கூட்டலாம் என்பதை 1910களிலேயே அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ரோங் காட்டிவிட்டார். விரியலாக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்பவும் சுருளுக்கே ஊட்டினால், இழப்புகள் ஈடுசெய்யப்பட்டுக் கியூ ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் சுற்று தானாகவே அலையத் தொடங்கிக் கூவும். வேறொரு இடத்தில் மிக உயர்ந்த கியூதான் வேண்டும். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவாட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அலைகிறது. அதன் கியூ பல்லாயிரம். அலைவு மெல்லத் தேய்வதால்தான் அதன் மீடிறன் அசையாமல் நிற்கிறது, நேரமும் பிழைக்காமல் ஓடுகிறது.

வன்னியில் கியூவைக் குறைத்தவை

பெரைற் கோலில் சுற்றும் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. தலைமயிர் போன்ற மெல்லிய இழைகள் பல, தனித்தனியே வார்னிஷ் பூசப்பட்டு, பட்டு நூலால் சேர்த்துக் கட்டப்பட்டவை. உயர்ந்த மீடிறனில் மின்னோட்டம் கம்பியின் தோலில்தான் ஓடும். 1 மெகாஹேட்ஸில் செம்பில் அந்தத் தோலின் தடிப்பு 0.07 மில்லிமீற்றர் மட்டுமே. தடித்த கம்பியின் நடுப்பகுதி வீண். அதனால்தான் பல இழைகள். இழைகளில் சில அறுந்திருந்தாலும் பெட்டி வேலை செய்யும், ஆனால் கியூ குறைந்திருக்கும். நிலையங்கள் ஒன்றுடன் ஒன்று கலக்கும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கம்பியின் நுனியைத்தான்.

அடுத்தது ஈரம். மாரியில் தரப்பாள் கொட்டிலுக்குள் இருந்த பெட்டிகளில், சுருள் சுற்றிய கடதாசிக் குழாய் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் இழப்பைக் கூட்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, காட்டில் தேன் எடுப்பவர்களிடம் கிடைத்த தேன்மெழுகை உருக்கிப் பூசினால் அடுத்த மாரிவரை தாங்கும்.

மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் உலோகம். பெட்டியைத் தகர றங்குப்பெட்டிக்கு மேலே வைத்துக் கேட்பவர்கள் சத்தம் குறைவு என்று வருவார்கள். கீழே மரப்பலகை வைத்து உயர்த்துங்கள் என்பேன்; சரியாகிவிடும். சுருளின் மாறும் காந்தப்புலம் தகரத்துக்குள் சுழியோட்டங்களை உண்டாக்குகிறது. அந்த ஓட்டங்களுக்கு வேண்டிய சக்தி சுருளில் இருந்துதான் போகிறது. தண்டவாளத்தைக் கையால் பிடித்த மாதிரி, தகரம் சுருளைப் பிடித்துவிடுகிறது. கியூ விழுகிறது, தூண்டற்றிறனும் சற்று மாறுகிறது.

இங்கே வானொலியில் தொல்லையாக இருந்தது, இன்னோர் இடத்தில் கருவியாகிறது. பக்கத்தில் உலோகம் இருந்தால் சுருள் அதை உணர்கிறது என்றால், நிலத்துக்குள் இருக்கும் உலோகத்தையும் அது உணருமல்லவா?

மிதிவெடி தேடும் சுருள்

2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் முன்னரங்காக இருந்த முகமாலை, கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கும் வன்னியின் மற்ற இடங்களிலும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களின் பணியாளர்கள் அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பலர். குடும்பத்துக்கு உழைக்கும் ஒரே ஆளாக இருப்பவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1 இற்குள் நிலங்கள் துப்புரவாக்கப்பட வேண்டும்.

உலோகம் தேடும் கருவிகளில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று சுருளைத் தொடர்ச்சியாக அலையவிட்டு, உலோகம் வரும்போது ஏற்படும் மாற்றத்தைப் பார்ப்பது. மற்றது துடிப்பு முறை. இதில் சுருளுக்கு ஒரு கணம் மின்னோட்டத்தைக் கொடுத்துத் திடீரென்று வெட்டுவார்கள். அப்போது நிலத்துக்குள் உள்ள உலோகத்தில் சுழியோட்டம் பிறந்து, மிகக் குறுகிய நேரத்தில் தேய்ந்துபோகும். அந்தத் தேய்வின் மெல்லிய எதிரொலியை அதே சுருளே கேட்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மின்னோட்டத்தை வெட்டியதும் சுருள் தானும் தண்டவாள மணிபோல ஒலிக்கத் தொடங்கும். ஒரு கணக்குக்காக, சுருள் 300 மைக்கிரோ ஹென்றி, அதனுடனும் கேபிளுடனும் சேர்ந்த கொள்ளளவம் 300 பிக்கோ பரட் என்போம். பரிவு மீடிறன் 530 கிலோஹேட்ஸ். வெட்டும்போது சுருளில் 100 வோல்ற்று எழுகிறது. உலோகத்தின் எதிரொலியோ ஒரு மைக்கிரோ வோல்ற்று. அதாவது சுருளின் சொந்த ஓசை பத்துக் கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்த பின்னர்தான் எதிரொலி தெரியும்.

கியூ 50 ஆக இருந்தால் அதற்கு 550 மைக்கிரோ செக்கன் செல்லும். சிறிய உலோகத் துண்டின் எதிரொலி அதற்கு நெடுநேரம் முன்னரே மறைந்துவிடும். சுருளுக்குக் குறுக்கே 500 ஓம் தடை ஒன்றைப் போட்டால் கியூ 0.5 ஆகிறது. இதை அவதித் தணிப்பு என்பார்கள். சுருள் ஒரு முறைகூட அலையாமல் மிக விரைவாக அடங்கும் நிலை. அப்போது 6.5 மைக்கிரோ செக்கன் போதும். 550 எங்கே, 6.5 எங்கே?

மிதிவெடிகளில் பல பிளாஸ்ரிக் உடலைக் கொண்டவை. உலோகம் என்று இருப்பது வெடிக்கவைக்கும் பொறிமுறையில் உள்ள மிகச் சிறிய பாகம்தான். அந்த எதிரொலிதான் முதலில் மறைவது. பெரிய இரும்புத் துண்டின் எதிரொலி நெடுநேரம் நிற்கும். ஆகவே கியூ கூடிய சுருளைப் போட்ட கருவி, மண்வெட்டியின் அலகைக் கண்டால் கத்தும். மிதிவெடியைத் தாண்டும்போது பேசாமல் இருக்கும்.

தணிப்புத் தடையை மேலும் குறைத்தாலும் பிழை. 500 ஓமுக்குப் பதில் 100 ஓம் போட்டால் சுருள் அலையாது, ஆனால் அடங்குவதும் மெதுவாகிவிடும். சரியான இடம் ஒன்றுதான். கேபிளின் நீளத்தை மாற்றினாலே அந்த இடமும் மாறும்.

இத்துடன் மண்ணின் தொல்லையும் உண்டு. இரும்புக் கனியங்கள் உள்ள செம்மண்ணும், கொக்கிளாய், புல்மோட்டைக் கரையோரத்தின் இல்மனைற் கலந்த கறுப்பு மணலும் சாதாரண வெண்மணல் போன்றவை அல்ல. மண்ணின் ஓசையைப் பிரித்து ஒதுக்கத் தரமான கருவிகளில் தனிச் சுற்றுகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருந்தும், பணியாளர்கள் வேலை தொடங்கமுன் தெரிந்த ஆழத்தில் வைத்த சோதனைத் துண்டில் கருவியைச் சரிபார்க்கிறார்கள். வரும் ஒவ்வொரு ஓசையையும் ஷெல் துண்டு என்று விட்டுவிடாமல் பக்கவாட்டில் இருந்து மெல்லத் தோண்டிப் பார்க்கிறார்கள். பல இடங்களில் கருவியை மட்டும் நம்பாமல் வாரியால் மண்ணை வாரி எடுக்கும் முறையையும் பாவித்திருக்கிறார்கள்.

இளைஞர்களுக்குச் சொல்லாமல் விட்டது

அந்த இரண்டு தம்பிமாரும் காட்டிய படத்தில் உள்ளதைச் செய்ய முடியும். கடற்கரையில் விழுந்த மோதிரம் தேட அது உதவும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தால் பரிசும் கிடைக்கலாம். அப்படி ஒரு பிள்ளை வந்தால் பக்கத்தில் இருந்து சுருள் சுற்றிக் கொடுப்பேன்.

ஆனால் காட்டுக்கரைக்கும் பழைய முன்னரங்குக்கும் அதைக் கொண்டுபோவது வேறு கதை. வானொலியின் கியூ பிழைத்தால் ஒரு நிலையம் கலந்து கேட்கும், திருத்திக்கொள்ளலாம். மிதிவெடி தேடும் சுருளின் தணிப்புப் பிழைத்தால் ஓசை வராது. ஓசை வராத நிலம் துப்புரவான நிலம் என்று நினைத்து அடுத்த அடி வைப்பீர்கள். கருவி சத்தம் போட்டாலும் ஆபத்துத்தான். இரும்பு என்று நினைத்து மண்வெட்டியால் கொத்துவீர்கள். பழைய இரும்புக்காகப் போய்க் கையையும் காலையும் கண்ணையும் இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு நடந்தவை அவை.

சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொட வேண்டாம், எறிய வேண்டாம், எரிக்க வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். இடத்தை மற்றவர்களுக்குத் தெரியும்படி தூரத்தில் நின்று அடையாளப்படுத்துங்கள். கிராம அலுவலருக்கோ, பொலிசாருக்கோ, உங்கள் பகுதியில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் அணிக்கோ அறிவியுங்கள்.

எனது திருத்தகத்தில் வானொலி இப்போது அரிதாகத்தான் வருகிறது. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 உடன் வானொலியில் நின்றுவிட்டது. இருந்தாலும் மேசைக்கு மேலே ஒரு பெரைற் கோலும் ஒரு தண்டவாளத் துண்டும் வைத்திருக்கிறேன். அந்தத் தம்பிமார் திரும்பி வந்தால், தண்டவாளத்தைத் தட்டிக் காட்டி, பிறகு கையால் பிடித்துக் காட்டி, இந்தக் கதையை முதலில் இருந்து சொல்லலாம் என்று இருக்கிறேன்.